எல்வுட்டின் செங்கல் அடுப்பு

எல்வுட் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். டெக்ஸாஸில், ஃபிரிஸ்கோவுக்கு வடக்கே எங்கள் குடியிருப்பில் அவர் பேருந்தில் ஏறாத தமிழ்ப் பிள்ளை கிடையாது. ஓவியா, ஆதர்ஷ், ஸ்ம்ருதி என்று எல்லாப் பெயரையும் தடுமாறாமல் சொல்வார். தீபாவளிக்கு அவருக்கு முறுக்கு கொடுப்போம். எங்கள் பாசம் அந்த முறுக்கோடு சரி.

நாங்கள் வருவதற்கு முன்பு இங்கே கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். அடிமைத்தனம் ஒழிந்த செய்தி டெக்ஸாஸுக்கு எட்டிய நாளான ஜூன் பத்தொன்பதில், வருஷா வருஷம் எல்வுட்டின் அப்பா கட்டிய செங்கல் அடுப்பில் கறி வாட்டி ஊருக்கே போடுவார்களாம். நிலம் கைமாறியது, சொந்தபந்தம் சிதறியது, அடுப்பு மட்டும் நின்றது. அந்த இடத்தில் கறுப்பினப் பண்பாட்டைக் கொண்டாட ஒரு பூங்கா கட்டப்போகிறோம், என்னென்ன வேண்டும் என்று கூட்டத்துக்கு வந்து சொல்லுங்கள் என்றது நகராட்சி. எல்வுட் கேட்டது ஒன்றே ஒன்று: அடுப்பு இருக்கட்டும், வருஷத்துக்கு ஒரு நாள் எரியட்டும்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவின் அட்மின் மாளவிகா உடனே எழுதினாள்: "ஸ்மோக் நேரா நம்ம பேக்யார்டுக்குத்தான் வரும். எல்லாரும் வாக்கிங் டிராக்குக்கு வோட் பண்ணுங்க. இந்தியாலேர்ந்து வந்திருக்கற பேரன்ட்ஸையும் அனுப்புங்க." நான் சண்டை போட்டேன். என்னைக் குழுவிலிருந்தே தூக்கிவிட்டாள்.

எல்வுட்டிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "அதுங்க என் பஸ் பிள்ளைங்கம்மா. அவங்க வீட்டுல எனக்கு எதிரா போடுவாங்களா?"

போடுவார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆறு மாத விசாவில் வந்த அப்பா அம்மாக்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது, பிள்ளைகளுக்கோ ஆபீஸ். எல்வுட் தன் சர்ச் வேனைக் கொண்டுவந்து, ஒவ்வொருவரையும் கைபிடித்து ஏற்றி, கூட்டத்துக்கு அழைத்துப்போனார்.

வாசலில் ஆளுக்குக் கொஞ்சம் பச்சை வட்டங்கள் கொடுத்தார்கள், ஸ்டிக்கர் பொட்டு அளவில். பூங்காவில் என்னென்ன வரலாம் என்று சுவரில் படங்கள் மாட்டியிருந்தார்கள்; பிடித்த படத்தின் மேல் ஒட்ட வேண்டும். விசாவெல்லாம் யார் கேட்டார்கள்? நடைபாதைப் படம் முழுக்கப் பச்சையாகிவிட்டது. ஈரோட்டு ராமாத்தாள் ஆன்ட்டி கையில் மட்டும் ஒரு வட்டம் மிச்சமிருந்தது. எங்கே ஒட்டுவது என்று எல்வுட்டிடமே ஜாடையில் கேட்டார். அவர் ஆசையோடு அடுப்புப் படத்தைக் காட்டினார்.

"அது வேண்டாம்னு பையன் சொல்லியிருக்கான் சாமி" என்று சிரித்துக்கொண்டே ஆன்ட்டி நடைபாதைப் படத்தில் ஒட்டினார். ஞாயிறு தவறாமல் வீட்டில் கோழி அடிக்கிறவர்.

எல்வுட் வேன் சாவியை எடுத்தார். எல்லாரையும் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டுமே.

"வரும்போது நல்லாத்தானுங்க பேசுனான். இப்ப எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கான்?" என்று வேனில் சத்தமாகவே கேட்டார் ஆன்ட்டி. எல்வுட்டுக்குத் தமிழ் புரியாது என்ற தைரியம். பாவி ஜனங்கள்.

அடுப்பை இடித்தார்கள். அந்தச் செங்கல்லிலேயே சின்ன மேடை கட்டி, எல்வுட்டின் அப்பா படத்தை அதன்மேல் வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மாளவிகா அவருக்குப் போன் செய்தாள். "நாளைக்கும் வேன் கிடைக்குமா அங்கிள்? பேரன்ட்ஸுக்கு அன்னிக்கு ரொம்ப கன்வீனியன்ட்டா இருந்துச்சு."

வேன் வந்தது. ஒவ்வொருவரையும் கைபிடித்து இறக்கினார் எல்வுட். அப்பாவின் படத்தைத் திறக்க அவரை மைக்கில் கூப்பிட்டார்கள். அவர் மறுபடியும் வேனில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.