கட்டுமாவடிக்குப் போகும் வழியில் கண்ணாடிக்குத் தண்ணீர்

தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, திருச்சியிலிருந்து கட்டுமாவடிக்கு எங்கள் பழைய காரில் தனியாகப் போய் வந்தேன். கடலைப் பார்க்கத்தான் போனேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. காருக்குப் பதினேழு வயது. அதை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் செவ்வாய்க்கிழமை வருவதாகப் பேச்சு முடிந்திருந்தது. எனக்குக் கொடுக்க மனமில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டதே அதில்தான். அப்பா கடைசியில் இப்படிச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை தனியா ஒரு நீளமான பயணம் போயிட்டு வா. பயமில்லாம ஓட்ட முடிஞ்சா வச்சுக்கலாம். இல்லேன்னா செவ்வாக்கிழமை சாவியைக் கொடுத்துடலாம்."

காலை 5.15க்குக் கிளம்பினேன். புதுக்கோட்டைக்கு ஐம்பத்து மூன்று கிலோமீட்டர். கீரனூர் வரை இருட்டு, அதன் பிறகு கரும்பச்சையாக விடிந்தது. சாலை நன்றாக இருக்கிறது, புதிதாக ஓட்டுபவர்களும் தைரியமாகப் போகலாம். 6.25க்குப் புதுக்கோட்டையில் ஒரு டீ, பதினைந்து ரூபாய். வண்டி முனகக்கூட இல்லை. எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது.

அறந்தாங்கிச் சாலை தென்கிழக்கே போகிறது. இந்த மாதத்தில் காலை ஏழு மணிக்குச் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும் என்று எந்தப் பயணக் குறிப்பிலும் நான் படிக்கவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். அறுவடை முடிகிற நேரம் வேறு. முன்னால் போன வைக்கோல் லாரியிலிருந்து தூசி பறந்தது, கண்ணாடியில் பனி ஈரம் இருந்தது. வைப்பரைப் போட்டேன். இரண்டும் குழைந்து கண்ணாடி முழுக்க மாவு பூசியதுபோல் ஆனது. அந்த மாவில் சூரியன் பட்டதும் எல்லாம் வெள்ளை. வாஷர் லிவரை இழுத்தேன். உர்ரென்று சத்தம் வந்தது, தண்ணீர் வரவில்லை. மறுபடி இழுத்தேன். சத்தம் மட்டும்தான்.

அந்த வெள்ளைக்குள் திடீரென்று ஒரு கறுப்பு. பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் பார்த்தபோது என் பம்பருக்கும் ஒரு மொபெட்டின் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, ஐம்பது வயதுக்காரர் ஒருவர் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, என்னைய ஏத்திட்டு நேரா கடல்லதான் நிறுத்துவியா?"

"மன்னிச்சுக்கங்கண்ணே. கண்ணாடி வழியா ஒண்ணும் தெரியலை."

அவர் வந்து கண்ணாடியில் விரலால் ஒரு கோடு போட்டுப் பார்த்தார். "ஆத்தாடி! இதுல எப்படிம்மா ஓட்டிக்கிட்டு வாரே? நான் போனாலும் பரவாயில்ல, முப்பது லிட்டர் பாலு ரோட்டுல ஓடியிருக்கும். சொசைட்டிக்காரன் நான் செத்ததை நம்ப மாட்டான், பால்ல தண்ணி கலந்துட்டு ஓடிட்டான்னுதான் சொல்லுவான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட நினைத்து போனைக்கூட எடுத்துவிட்டேன். அதற்குள் அவர் தன் தண்ணீர் பாட்டிலைக் கண்ணாடியில் கவிழ்த்து, தலைத்துண்டால் ஒரு சன்னல் அளவுக்குத் துடைத்துவிட்டார்.

"எம் பின்னாடியே வா. அறந்தாங்கிக்கு முன்னாடி இங்கிட்டு எடது பக்கம் ஜகுபர் பாய் மெக்கானிக் ஷெட்டு இருக்கு. வெள்ளிக்கெழமைதான் லீவு, ஞாயித்துக்கெழமை தொறந்திருப்பாரு. எம் வண்டிய மட்டும் பார்த்து வா, வெயிலைப் பார்க்காத."

இருபது கிலோமீட்டரை முப்பது கிலோமீட்டர் வேகத்தில் கடந்தோம். அவர் நிழலில் நான் வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஷெட் வாசலில் கையைக் காட்டிவிட்டு அவர் போய்க்கொண்டே இருந்தார். பெயர்கூடக் கேட்கவில்லை. மணி 7.50.

ஜகுபர் பாய் பதினோரு வருடம் வளைகுடாவில் ஒரு கார் பட்டறையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பானெட்டைத் திறக்கும் முன் லிவரை இழுக்கச் சொன்னார். முன்சக்கரத்துக்கு மேலே காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மோட்டாருக்கு உசுரு இருக்கு. செலவு இல்ல, வேலைதான்."

வாஷர் என்பது எவ்வளவு சிறிய விஷயம் என்று அன்றுதான் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் தொட்டி, கட்டை விரல் அளவு மோட்டார், பென்சில் தடிமனில் ஒரு குழாய், பானெட் மேல் தண்ணீர் பீய்ச்ச, குண்டூசித் தலை போன்ற இரண்டு முனைகள். அவ்வளவுதான். பாய் தொட்டியைக் கழற்றிச் சாய்த்தார். தண்ணீருக்குப் பதில் தயிர்போல் ஏதோ கட்டி கட்டியாக விழுந்தது.

"இதுல என்ன ஊத்துனீங்க தங்கச்சி?"

"போர் தண்ணி. அப்பா எப்பவும் அதுல ஒரு ஷாம்பு பாக்கெட்டை வெட்டி ஊத்துவாரு. கண்ணாடி பளிச்சுன்னு இருக்கும்னு."

"நெனச்சேன். ஊருல எல்லாரும் காருக்குத் தலைக்குக் குளிப்பாட்டி விடுறீங்க. அதுக்குத் தலையும் இல்ல, முடியும் இல்ல." அவர் அந்தக் கட்டியை விரலில் தேய்த்துக் காட்டினார். "ஒங்க போர் தண்ணியில சுண்ணாம்பு. ஷாம்பு அதோட சேர்ந்து இப்படி ஆயிடும். இது போயி வலையில ஒக்காந்துக்கிட்டா மோட்டார் எங்கிட்டு இழுக்கும்?"

மோட்டாரின் வாயில் நகக்கண் அளவில் ஒரு சல்லடை இருந்தது. முழுக்க அடைத்திருந்தது. அதைக் கழுவினார். முனைகளுக்கு அது போதவில்லை, உள்ளே சுண்ணாம்பு இறுகியிருந்தது. பக்கத்து டீக்கடையிலிருந்து பாதி எலுமிச்சம்பழம் வாங்கி, ஒரு பாட்டில் மூடியில் பிழிந்து, இரண்டு முனைகளையும் அதில் போட்டார். சின்னச் சின்னக் குமிழ்கள் வந்தன. இருபது நிமிடம் கழித்து, பழைய பிரேக் கேபிளிலிருந்து ஒரே ஓர் இழையைப் பிரித்து முனைக்குள் நுழைத்தார். பிறகு அதை என்னிடம் கொடுத்து, "வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க" என்றார்.

வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்தேன். ஒரு புள்ளி தெரிந்தது. ஊசியின் காதைவிடச் சிறியது. ஒரு மணி நேரம் முன்னால் ஓர் ஆளின் உயிரும் முப்பது லிட்டர் பாலும் இந்தப் புள்ளி அடைபட்டதில் போயிருக்கும். இவ்வளவு சின்னத் துவாரத்தை நம்பி ஓடுகிறோம் என்று தெரியாமலே இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன்.

தொட்டியை நிரப்ப நான் என் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். "அது வேணாம்" என்று சொல்லிவிட்டு, ஷெட்டின் பக்கவாட்டுக்குப் போனார் பாய். அங்கே அடுத்த மருந்துக்கடையின் ஏசியிலிருந்து வரும் குழாய்க்குக் கீழே ஒரு வெள்ளை கேன் கட்டித் தொங்கியது. நிரம்பியிருந்தது. அதை அவிழ்த்துவந்து தொட்டியில் ஊற்றினார்.

"ஏசி தண்ணி. இதுல உப்பு, சுண்ணாம்பு எதுவும் கெடையாது. நான் இருந்த அரபு நாட்டுல மண்காத்து அடிச்சா ஒண்ணும் தெரியாது. எங்க மொதலாளி வண்டிய எடுக்கும் முன்னாடி இந்தத் தண்ணியத்தான் மொதல்ல பார்க்கச் சொல்லுவாரு, அப்புறம்தான் பெட்ரோல். இந்த ஊருல ஆயிரம் அடி போர் போட்டாலும் இப்படித் தண்ணி வராது."

"இது எங்கேருந்துண்ணே வருது?"

"எங்கேருந்து வரும்? காத்துல இருந்துதான். கடல் காத்துல்ல. நீங்க போற எடத்துலேருந்துதான் வருது."

அதற்கு மேல் அவர் அதைப் பற்றி யோசிக்கவில்லை. எனக்குத்தான் அந்தக் கேனிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கடலிலிருந்து எழுந்து, கண்ணுக்குத் தெரியாமல் ஊர் மேல் மிதந்து, உப்பையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, ஒரு மருந்துக்கடை ஏசியில் சொட்டுச் சொட்டாக இறங்கிய தண்ணீர். ஏரி குளம் வற்றுகிற மாவட்டத்தில், தலைக்கு மேல் எப்போதும் இவ்வளவு தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.

கடைசியாக ஒரு குண்டூசியால் முனையைத் திருப்பினார். லிவரை இழுத்தேன். இரண்டு கோடுகள் எழுந்து கண்ணாடியின் உச்சியில் விழுந்தன. ரொம்ப மேலே போகிறதே என்றேன். "நிக்கிறப்ப மேலதான் போகணும். ஓடுறப்ப காத்து கீழ தள்ளும், சரியா ஒங்க கண்ணுக்கு நேரா வந்து விழும்." ஆயிரம் முறை பார்த்த ஒன்றில் இப்படி ஒரு கணக்கு இருப்பது எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கூலி இருநூறு ரூபாய். எலுமிச்சம்பழத்துக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு டீக்கடைக்காரர் வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டார்.

9.15க்குக் கிளம்பி, இருபத்தேழு கிலோமீட்டர் ஓட்டி, பத்து மணிக்குக் கட்டுமாவடி. கடல் அங்கே அலையடிக்காது. பெரிய கண்மாய்போல் அசையாமல் கிடக்கும். படகுகள் வந்துவிட்டிருந்தன, மீன் ஏலம் முடிகிற நேரம். கடலைப் பார்த்து காரை நிறுத்தி, மதியம் வரை இருந்தேன். திரும்ப வந்து உட்கார்ந்தபோது கண்ணாடியில் மெல்லிசாக உப்பு படிந்து கடல் மங்கலாகத் தெரிந்தது. லிவரை இழுத்தேன். ஒரு கணம் எதிரே எல்லாம் கரைந்தது. வைப்பர் ஒருமுறை போய் வந்ததும் கடல் மொத்தமும் அப்படியே திரும்பி வந்தது. அதைத் துடைத்த தண்ணீரும் அதே கடல்தான் என்று நினைத்தபோது கொஞ்ச நேரம் வண்டியைக் கிளப்பத் தோன்றவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: போக வர மொத்தம் சுமார் இருநூற்று இருபத்தைந்து கிலோமீட்டர். புதுக்கோட்டையை ஆறு மணிக்கு முன் தாண்டிவிடுங்கள், அல்லது எட்டரைக்குப் பிறகு கிளம்புங்கள், இடைப்பட்ட நேரத்தில் வெயில் கண்ணைக் குத்தும். வண்டி பழையது என்றால் கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே வாஷரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சத்தம் வந்து தண்ணீர் வராவிட்டால் மோட்டாரை மாற்ற ஓடாதீர்கள், முதலில் தொட்டியையும் முனையையும் பாருங்கள். ஷாம்பு ஊற்றாதீர்கள்.

வீடு திரும்பியபோது மணி ஐந்து. பயமில்லாமல் ஓட்டினாயா என்று அப்பா கேட்டார். பொய் சொல்லலாம் என்று வழி முழுக்க யோசித்திருந்தேன், முடியவில்லை. ஒரு முழத்தையும் பால்காரரையும் சொன்னேன். தயிர்க்கட்டியையும் சொன்னேன். யார் ஊற்றிய ஷாம்பு என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஏசி தண்ணீரைப் பற்றி மட்டும் இரண்டு முறை கேட்டார். காரை விற்பதா வைத்துக்கொள்வதா என்பது அன்று முடிவாகவில்லை.

கார் வாங்க ஆள் வருவதாக இருந்த செவ்வாய்க்கிழமை காலை மாடியில் துணி காயப்போடப் போனேன். எங்கள் ஏசியின் குழாய்க்குக் கீழே, பழைய எண்ணெய் கேன் ஒன்றைக் கழுவி, கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார் அப்பா. எங்கள் வீட்டில் சித்திரை பிறக்கும் வரை ஏசி போடமாட்டோம். அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.