பனியன் அளவில் ஒரு ஸ்வெட்டர்

முகப்பவுடர் வாசனையும் கம்பளி நூல் வாசனையும் கலந்து வந்தால், எனக்கு இன்றைக்கும் தொண்ணூறுகளின் காரைக்குடி டவுன் பஸ்தான் ஞாபகம் வரும்...

பவுடர் முகத்துக்கு இல்லை, கைக்கு! எங்கள் ஊர் வெயிலில் உள்ளங்கை வேர்த்து, பின்னல் ஊசி வழுக்கும். நூல் விரலில் ஒட்டிக்கொண்டு நகராது. அதனால் என் ஹேண்ட்பேக்கில் டிபன்பாக்ஸ் இருக்கிறதோ இல்லையோ, பவுடர் டப்பா இருக்கும். கோட்டையூரில் ஏறினால், நான் டீச்சராக இருந்த நர்சரி ஸ்கூல் வரும்வரை பின்னல்தான்.

கண்டக்டர் தினமும் சொல்வார். "டீச்சர், அதை உள்ள வைங்க. பாக்கயிலயே எனக்கு வேர்க்குது."

எதிர்வீட்டு ஆச்சி அதற்கும் மேலே. "ஏன்டி ஜெசி, இந்த ஊர்ல கம்பளியப் பின்னி யாருக்குடி போர்த்தப் போற? வெயிலுக்கா?"

தெருவே சிரிக்கும். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன், ஆனால் உள்ளே சுருக்கென்று இருக்கும். கான்வென்ட்டில் படிக்கும்போது பிடித்த பைத்தியம் இது. யாருமே போட முடியாத ஒன்றை எதற்குப் பின்னுகிறேன் என்று எனக்கே பதில் தெரியாது.

அப்போதுதான் என் அண்ணனுக்கு சென்ட்ரல் கவர்மென்ட் வேலை கிடைத்தது. போஸ்டிங்... சிம்லா!

அம்மாவுக்கு சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம். அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. மார்கழிப் பனிக்கே 'கர் கர்'ரென்று இழுப்பான். "மதுரைக்குப் போயி நல்ல ஸ்வெட்டரா வாங்கிருவோம்" என்றாள் அம்மா.

எனக்கு வந்ததே ரோஷம்! "நான் ஒருத்தி வீட்டுல இருக்கயில கடை ஸ்வெட்டரா? கிறிஸ்துமஸ் முடிஞ்சு ரயில் ஏறுறதுக்குள்ள நான் பின்னித் தாரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது... அதுவரை நான் பின்னியதெல்லாம் குழந்தைக் குல்லாவும் காலுறையும்தான்.

அண்ணனை ஹாலில் நிறுத்தி டேப் பிடித்து அளவெடுத்தேன். வீட்டில் அவன் கோலம் எப்போதும் கைலியும் பனியனும். நீல நிற நூலில் முன்பக்கம், பின்பக்கம், கை என்று தனித்தனியாகப் பின்னி, சேர்த்துத் தைத்தேன். கிறிஸ்துமஸுக்கு முன்பே முடித்து, அவன் தலை வழியாக மாட்டிவிட்டேன். கச்சிதம்! ஒரு சுருக்கம் கிடையாது. நான் கொஞ்சம் மிதந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும், ஊருக்குப் போகுமுன் ஒரு போட்டோ எடுக்கலாம் என்றாள் அம்மா. அண்ணன் பேன்ட் போட்டு, முழுக்கைச் சட்டையை டக்-இன் செய்து, அதற்கு மேல் ஸ்வெட்டரை மாட்டினான்.

முழங்கையோடு நின்றுவிட்டது.

இரண்டு கையும் மேலே. தலை உள்ளே. "அடியே, இழுத்து விடுடி... மூச்சு முட்டுது!" என்று சத்தம் மட்டும் வந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த ஆச்சி, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாக பாருங்கள்... "பனியனுக்கு மேலயா அளவெடுத்த? அடிப் பாவி மகளே!"

ஸ்வெட்டரைச் சட்டைக்கு மேல் போடுவார்கள் என்பது எங்கள் வீட்டில் யாருக்குமே தோன்றவில்லை. போட்டிருந்தால்தானே தெரியும்!

"விடு ஆத்தா, மதுரையில வாங்கிக்கிருவோம்" என்று அம்மா மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த நீல நூல் கடையில் தீர்ந்துபோயிருந்தது. கையில் மிச்சம் இருந்தது கொஞ்சம் மெரூன், கொஞ்சம் மஞ்சள்.

தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவள், கண்ணீர் விழுந்த இடத்தைப் பார்த்தேன். எங்கள் பக்கத்து ஆத்தங்குடித் தரைக்கல். மெரூன் கட்டத்துக்குள் மஞ்சள் பூ... வரிசையாக, வீடு முழுக்க!

சட்டென்று எழுந்து கத்தரியை எடுத்தேன். இரண்டு பக்கமும், அக்குளில் இருந்து கீழே இடுப்பு வரையும், கை நெடுக மணிக்கட்டு வரையும், தையலை மட்டும் பிரித்தேன். மெரூன் நூலில் நீளப் பட்டை பின்னி, அதில் அந்தப் பூவையே மஞ்சளில் ஏற்றி, இரண்டு பக்கமும் இடையில் வைத்துத் தைத்தேன். பஸ்ஸில், இன்டர்வெல்லில், ஜெபம் சொல்லும்போதுகூடக் கை ஓயவில்லை (ஆண்டவர் மன்னிக்கட்டும்!). அண்ணன் ரயிலேறும் நாள் காலையில்தான் கடைசி முடிச்சு. சட்டைக்கு மேல் மாட்டினான், அழகாக இறங்கியது. அப்படியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டான்.

சிம்லாவிலிருந்து கடிதம் வரும். "குளிர் அதிகம், இளைப்பு இல்லை, நலம்." அவ்வளவுதான். ஸ்வெட்டரைப் பற்றிப் பேச்சே கிடையாது. போடுகிறானோ, பெட்டியில் வைத்துவிட்டானோ என்று மனது அடித்துக்கொள்ளும். கேட்கவும் கூச்சம்.

மே மாதம் லீவில் வந்தான். கத்திரி வெயில், தார் ரோடு இளகிக் கிடக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவில் நடந்து வருகிறான்... ஸ்வெட்டரோடு! முகமெல்லாம் சிவந்து, கழுத்தில் வேர்வை ஆறாக ஓடுகிறது.

ஆச்சி பதறிவிட்டாக. "ஏப்பா, குளிர் காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்ல ஆச்சி. நீக எல்லாம் சிரிச்சீகள்ல, அதான் போட்டே வந்தேன். அங்க நான் வாடகைக்கு இருக்குற வீட்டுக்கார அம்மா பொறந்ததுல இருந்து ஸ்வெட்டர் பின்னுறவுக. இந்தப் பூவைப் பாத்துட்டு, அவுக மகனுக்கும் இதே மாதிரி பின்னிப் போட்டிருக்காக! என் தங்கச்சி பின்னுனதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"முதல்ல அதைக் கழட்டுடா!" என்று அம்மா கத்த, ஆச்சி அந்தப் பூவைத் தடவித் தடவிப் பார்க்க, நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை எந்த ஊரிலும் அடங்கியிருக்காது.

இப்போது எல்லாம் சுலபம். போனில் தட்டினால் கேட்ட கலரில் நூல் வீட்டுக்கு வருகிறது. ஏ.சி. ரூமில் பின்னுவதால் பவுடர் தேவையில்லை. பின்னியதைப் படம் போட்டால் ஹார்ட்டாகக் குவிகிறது. சந்தோஷம்தான்... ஆனால் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து யாரும் பாராட்டுவதில்லை.

அண்ணன் ரிட்டயர்டாகி கோட்டையூரிலேயே இருக்கிறான். போன வாரம் ஒரு பையோடு வந்தான். உள்ளே அதே ஸ்வெட்டர்.

"டைட்டா இருக்குடி. இன்னொரு பட்டை வச்சுக் குடு."

"இந்த ஊர்ல இது எதுக்குண்ணே?"

"நீ வையி. நான் போட்டுக்கிறேன்."

டேப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். பனியனோடு நின்றவனை, முதலில் போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன்.