கஜபதியின் மே மாதம்

கரையான்சாவடி டுடோரியலில் பத்தாம் வகுப்பு தவறிய பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தும் கஜபதி, வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பட்டத்தைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஏன் மாற்றமாட்டார்? கேட்கிறவர்களுக்கென்ன, கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

திருவேற்காட்டில் அடுத்தவன் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம். அப்பா வேம்புலி அம்பத்தூர் லேத் பட்டறையில் உழைத்து மகனைப் படிக்கவைத்தார். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, 1979-ல், கஜபதி எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்தார். தனியார் கல்லூரிகளில் அவரவர் சாதிக்காரனுக்குத்தான் இடம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கார்டைப் புதுப்பித்துவந்தால் வரிசை நகர்ந்து நகர்ந்து அரசுக் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை வந்தே தீரும். அதற்குள் டாக்டர் பட்டமும் சேர்ந்துவிட்டால் யாரும் அசைக்க முடியாது என்று நம்பினார்.

பேராசிரியர் கலியமூர்த்தியிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். ஆராய்ச்சி! காலையில் அவர் வீட்டு கேஸ் சிலிண்டர், மதியம் லேப், சாயங்காலம் அவர் மகளை டைப்ரைட்டிங் வகுப்பிலிருந்து கூட்டிவருவது. நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆகவேண்டும்? அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு பல்கலைக்கழகப் படியேறாது.

1988 மே மாதம் ஆய்வேடு பைண்டிங் ஆகி, அந்தக் கையெழுத்துக்காகக் கலியமூர்த்தியின் மேஜையில் கிடந்தது. அதே மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். தஞ்சாவூரிலிருந்து திருநெல்வேலி வரை பத்திரிகை கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை கஜபதியின் தலையில் விழுந்தது.

கிளம்பும்போது மனைவி புஷ்பா குறுக்கே வந்து நின்றாள். "இந்த மாசத்தோட கார்டு கெடு முடியுதுய்யா. தேதி போட்டுகினு அப்பால போயேன்."

"போற ஊர்ல தபால்ல போட்டுடறேன். இப்ப லீவு கேட்டா சாரு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. கையெய்த்து பாக்கி கீது இல்ல?"

கார்டு பையின் அடியில் போனது. அதன் மேல் நானூறு பத்திரிகை. அலைந்து திரும்பியதும் பந்தல், சமையல்காரர், மாப்பிள்ளை வீட்டாரை எழும்பூர் ஸ்டேஷனில் வரவேற்பது என்று மாதம் ஓடிவிட்டது. ஜூன் பத்தாம் தேதி புஷ்பா பையைத் துவைக்க உதறியபோது கார்டு மஞ்சள் கறையோடு விழுந்தது.

ஆபீஸில் கையை விரித்துவிட்டார்கள். ஒன்பது வருஷ வரிசை போச்சு. புதிதாகப் பதிந்தால் கடைசி ஆள். கஜபதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அதிகாரி லோகநாயகிக்கு மனசு கேட்கவில்லை.

"மே மாசம் ஆராய்ச்சி விஷயமா வெளியூர்ல இருந்தீங்கன்னு உங்க புரொபசர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. மேல எழுதி பழைய தேதியையே வாங்கப் பாக்கறேன்."

நாலு வரி லெட்டர். கஜபதி ஓட்டமாக ஓடினார். கலியமூர்த்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மே மாசம் ஆராய்ச்சியா பண்ணீங்க கஜபதி? கல்யாண வேலைதானே பாத்தீங்க. நான் எப்படிப் பொய் எழுதித் தரமுடியும்? இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு பொய்க் கையெழுத்து போட்டவன் இல்ல நான்."

அடப்பாவி மனுஷா! கஜபதி ராப்பகலாக உழைத்து எழுதிய ஆறு கட்டுரையிலும் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டபோது இந்தச் சத்தியம் எந்த ஊருக்குப் போயிருந்தது? கஜபதிக்கு நாக்கு நுனிவரை வார்த்தை வந்துவிட்டது. அப்போதுதான் மேஜை கண்ணில் பட்டது. ஆய்வேடு வைத்த இடத்திலேயே இருந்தது. இன்னும் கையெழுத்து விழவில்லை.

"ஞாயித்துக்கிழமை பொண்ணும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வராங்க. பூந்தமல்லியில நல்ல தலைவாழை இலையா பாத்து வாங்கிட்டு வந்துடுங்க" என்றார் கலியமூர்த்தி.

"எத்தனை மணிக்கு வரணும் சார்?" என்று கேட்டார் கஜபதி.