கண்ணாடிக் கடைக்காரரின் முதல் விமானம்

எங்கள் கண்ணாடிக் கடைக்காரர் வலது கண்ணை மூடச் சொல்லிவிட்டு, திறக்கச் சொல்ல மறந்துவிடுகிறார். நாம் ஒற்றைக் கண்ணால் எதிர்ச்சுவரின் எழுத்துகளை மேலிருந்து கீழாக வாசித்து முடித்து, சலித்துப்போய்க் கீழிருந்து மேலாகவும் வாசித்துவிட்டுத் திரும்பினால், மனிதர் செல்போனில் மூழ்கியிருப்பார். கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்கும் சின்ன ஸ்கேல் அவரிடம் உண்டு. அதைத் திரையில் தெரியும் ஒரு விமானப் படத்தின்மேல் வைத்து அளந்துகொண்டிருப்பார்.

"சார், தொண்ணூத்தொம்பது சென்டிமீட்டர் இறக்கைங்கிறான். படத்துல பாத்தா அவ்ளோ வராது போலிருக்கே?"

"நான் கண்ணைத் திறக்கலாமா?"

"அய்யோ, தொறங்க, தொறங்க!"

வயது நாற்பத்தெட்டு. ஒல்லி உடம்பு, ஓயாமல் மூக்கை நோக்கி இறங்கும் கண்ணாடி. ஊருக்கெல்லாம் கண்ணாடியைப் பொருத்தித் தரும் இவருக்குச் சொந்தக் கண்ணாடி மட்டும் ஏன் நிற்பதில்லை என்று கேட்டால், "டைம் எங்க சார் இருக்கு?" என்பார். இருக்கிற நேரமெல்லாம் கிளைடருக்குப் போய்விடுகிறது.

கிளைடர் என்பது மோட்டார் இல்லாத குட்டி விமானம். கையால் வீசி மேலே அனுப்பிவிட்டு, கீழே நின்று ரிமோட்டால் திருப்ப வேண்டும். வெயிலில் சூடேறிய காற்று எங்கே மேலெழுகிறதோ, அங்கே கொண்டுபோய் நிறுத்தத் தெரிந்தால் அது பாட்டுக்கு மிதக்கும். இப்படி ஒன்றை ஊர்க்கோடி மைதானத்தில் யாரோ பறக்கவிட்டதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாந்து பார்த்தார். அவ்வளவுதான், ஆள் காலி.

பார்த்தது எட்டு மாதத்துக்கு முன்னால். இன்னும் வாங்கியபாடில்லை. இந்த எட்டு மாதத்தில் நான் இரண்டு முறை கண்ணாடி மாற்றிவிட்டேன். கார்பன் இழையில் செய்தது இறகு மாதிரி இருக்கிறது, விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. கட்டையை வெட்டி நாமே ஒட்டிக்கொள்ளும் வகை மலிவுதான், ஆனால் ஒரு பக்க இறக்கை கோணிக்கொண்டால் யாரைக் கேட்பது? தெர்மாகோல் போன்ற நுரையில் செய்தது கைக்கு அடக்கமான விலை. அதைப் பார்த்தாலோ விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறதே என்று ஒரு மனத்தாங்கல். இவை மூன்றும் முடிந்தால் அடுத்தது நிறம்.

"வெள்ளை வாங்கினா மேகத்துல தெரியாது. நீலம் வாங்கினா வானத்துல தெரியாது."

"பச்சை வாங்கினா புல்லுல தெரியாது. கடைசியில அங்கதானே வந்து விழப்போகுது?" என்று பின்னறையிலிருந்து குரல் வரும்.

அது அவர் மனைவி. பிரேமுக்குத் தக்கபடி லென்ஸைத் தேய்த்துக் கொடுப்பவர். மெஷின் எத்தனை சத்தம் போட்டாலும் கணவர் பேசுவது மட்டும் அவர் காதில் துல்லியமாக விழும். "கல்யாணத்துக்குக்கூட இவரு இவ்ளோ யோசிக்கலீங்க. பத்து நிமிஷம். காபி ஆறலை" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அது பெருமையா, குறையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் கடையில் கூட்டமில்லாதபோது, கடைக்காரர் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். "நாப்பத்தெட்டு வயசுல எனக்குன்னு ஒண்ணு கேட்டிருக்கேன் சார். அது மொத நாளே உடைஞ்சு வந்துச்சுன்னு வைங்க, ரெண்டாவது கேக்க வாய் வராது."

அடுத்த ஞாயிறு மைதானத்துக்கு என்னையும் இழுத்துப் போனார். அங்கே பறக்கவிட்டுக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற பல் டாக்டரம்மா. அறுபதைத் தாண்டியவர். இறக்கையின் நுனியை இரண்டு விரலால் பிடித்து, வட்டு எறிபவரைப் போல ஒரு சுற்று சுற்றி வீசினார். விமானம் விர்ரென்று தென்னை உயரம் தாண்டியது. நம்மவர் தன் குறிப்பு நோட்டைத் திறந்து பதினான்கு கேள்விகள் கேட்டார். நான்காவதிலேயே டாக்டரம்மா நிறுத்திவிட்டார்.

"எதுக்குங்க இவ்ளோ? என்னோட இந்த கார்பன் பக்கமே போகாதீங்க. நுரையில செஞ்சது, ஒரு மீட்டர் இறக்கை, கூடவே ரிமோட்டும் வர்றதா வாங்குங்க. மொத வருஷம் நான் பதினேழு தடவை மண்ணுல குத்தினேன். இது பால் பல்லுங்க, விழத்தான் செய்யும்."

வாங்கிவிட்டார். ஆரஞ்சு நிறம். பெட்டி வந்து மூன்று வாரம் கண்ணாடி அலமாரியின்மேல் உட்கார்ந்திருந்தது. ஒரு வாரம் காற்று அதிகம், ஒரு வாரம் காற்றே இல்லை, ஒரு வாரம் கழுத்து பிடித்துக்கொண்டது. நான்காவது ஞாயிறு மனைவியே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "கெளம்புங்க. நானும் பாக்கணும்."

மைதானத்தில் நம்மவர் முதல் சுற்று சுற்றினார், கையை விடவில்லை. இரண்டாவது சுற்றிலும் விடவில்லை. மூன்றாவதில் தலை கிறுகிறுத்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். "சுத்தவே வேணாம். ஈட்டி எறியற மாதிரி நேரா விடுங்க" என்றார் டாக்டரம்மா.

விட்டார். நிஜமாகவே பறந்தது. நம்மவர் வாயைத் திறந்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஏங்க, ரிமோட்டு! கழுத்துல தொங்குது பாருங்க!" என்று மனைவி கத்தியபிறகுதான் கை ரிமோட்டின் குச்சியைத் தேடியது. இடப்பக்கம் வளைத்தார். அழகாக வளைந்தது. வளைந்து எங்களை நோக்கித் திரும்பியது. விமானம் நம்மை நோக்கி வரும்போது அதன் இடப்பக்கம் நமக்கு வலப்பக்கம் என்பதை டாக்டரம்மா இரண்டு முறை சொல்லியிருந்தார். நாளெல்லாம் அடுத்தவருக்கு இடது, வலது சொல்லியே பிழைக்கிற மனிதர், தவறான பக்கம் இழுத்தார்.

டொக்கென்று ஒரு சத்தம். மூக்குப் பகுதி தனியே ஓடிப்போய்ப் புல்லில் கிடந்தது.

நான் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். அவர் மெதுவாக நடந்துபோய் இரண்டு துண்டையும் எடுத்து, முறிந்த இடத்தைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மனைவி பக்கத்தில் போனார். சிரிக்கப்போகிறார் என்று பயந்தேன். கைப்பையைத் திறந்து, ஒரு பசைக் குழாயை எடுத்து நீட்டினார்.

"வாங்கின அன்னிக்கே இதையும் வாங்கிட்டேன். ரெண்டு டியூப் இருக்கு. இன்னைக்கு எத்தனை தடவை வேணா விழட்டும்."

அவர் அங்கேயே மண்டியிட்டார். துளித்துளியாகப் பசை வைத்து, மூக்கை உடம்போடு சேர்த்து அழுத்திப் பிடித்தார். பிறகு தலை குனிந்து, ஒட்டிய இடத்தில், சிராய்த்துக்கொண்டு வந்த குழந்தையின் முழங்காலில் ஊதுவதுபோல, ஊ... ஊ... என்று ஊத ஆரம்பித்தார்.