மல்லிகாவின் எட்டணா வழுக்கை

"இந்தத் தலையில நான் கத்தி வைக்க மாட்டேன் தம்பி" என்றார் கோயிலில் முடி இறக்கும் பெரியவர். எழுபதுகளின் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. என் ஏழு வயது மகள் மல்லிகா ஈரத்தலையோடு அவர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். ஏழு வயதில் முடி கொடுப்பதாக என் மனைவி சரோஜா அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டாள். அதற்காகத்தான் வந்திருந்தோம்.

பெரியவர் உச்சந்தலையில் முடியை விலக்கிக் காட்டினார். எட்டணா அளவில் ஒரு வட்டம். "படர்தாமரை. கத்தி பட்டா அடுத்த புள்ளைக்கும் ஒட்டிக்கும். டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க."

அந்த வட்டத்தை நாங்கள் முன்பே பார்த்திருந்தோம். புழுவெட்டு (திட்டாக முடி உதிர்வது) என்று நாங்களே முடிவுகட்டி ஒரு மாதமாகச் சின்ன வெங்காயம் தேய்த்தோம். பிள்ளையின் தலை சாம்பார் மணம் வீசியது. மொட்டை போட்டால் வேண்டுதலும் தீரும், வட்டமும் தீரும் என்பது எங்கள் புத்திசாலித்தனம். இதைப் படிக்கும் பெற்றோர் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம். அரிப்பும் செதிலும் இருந்து, முடி பாதியில் ஒடிந்திருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வழியெல்லாம் சரோஜா அழுதாள். "சாமியே வேணாம்னுட்டாருங்க."

"சாமி எங்க சொன்னாரு? கத்தி வெச்சிருக்கறவருதான சொன்னாரு."

"முடியே இல்லாதவருக்கு அதோட அருமை எங்க தெரியப்போவுது?"

இருபத்தெட்டு வயதிலேயே என் தலை பளபளக்க ஆரம்பித்துவிட்டது. அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. ஆனால் அன்று பயந்தேன். பெண் குழந்தைக்கு அந்த இடத்தில் முடி வராமலே போய்விட்டால்?

டாக்டரம்மா இடுக்கியால் இரண்டு முடிகளைப் பிடுங்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பூஞ்சைதான். கிரிசியோஃபுல்வின் (பூஞ்சையை வளரவிடாத மாத்திரை) இரண்டு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

"வெறும் வயித்துல குடுத்தா மருந்து சரியா உடம்புல சேராது. பால், நெய், வேர்க்கடலை எதாவது சாப்பிட்டதும் குடுங்க. சீப்பும் துண்டும் தனியா இருக்கட்டும்."

"முடி வருமாம்மா?" என்று கேட்டேன்.

"மயிர்க்கால் கெடல. வரும். மாசத்துக்கு ஒரு நெல்லு நீளம்தான் வளரும், அவசரப்படாதீங்க." பிறகு என் தலையைப் பார்த்தார். "உங்களுக்குத்தான் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

மல்லிகா சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சரோஜாவின் அண்ணன் ஒரு மூட்டை வேர்க்கடலை அனுப்பிவைத்தார். அதனால் மாத்திரைக்கு மல்லிகா ஒருநாளும் முரண்டு பிடிக்கவில்லை. மூன்றே வாரத்தில் செதில் போய்விட்டது. "அதான் சரியாப் போச்சே, மாத்திரை எதுக்கு?" என்றாள் சரோஜா. டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இரண்டு மாதமும் கொடுத்தே ஆக வேண்டும். அவர் சொன்னபடியே செய்தோம்.

காலையில் என் சைக்கிள் கடையைத் திறக்கும் முன் மகளை வெயிலில் நிறுத்தி உச்சந்தலையைப் பார்ப்பது என் வேலை. ஆறு வாரம் ஒன்றும் இல்லை. ஒருநாள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. சவரம் செய்து இரண்டு நாளான மோவாய் மாதிரி ஒரு சொரசொரப்பு. நான் போட்ட கூச்சலில் சரோஜா கரண்டியோடு ஓடிவந்தாள். தடவிப் பார்த்தாள். கரண்டியைத் தரையில் வைத்துவிட்டு மறுபடியும் தடவினாள். அடுப்பில் தோசை கருகிப்போனது.

மல்லிகா பென்சில் டப்பாவில் ஒரு நெல்லைப் போட்டுவைத்துக்கொண்டாள். மாதம் பிறந்தால் அதை வைத்து முடியை அளக்கச் சொல்வாள். எட்டு நெல் வளர்ந்தபோது டாக்டரம்மா மறுபடி பார்த்து, நோய் முழுக்கப் போய்விட்டது என்றார்.

மறுபடியும் கோயிலுக்குப் போனோம். அதே பெரியவர் உச்சந்தலையைத் தடவிப் பார்த்து, "இப்ப தாராளமா குடுக்கலாம்" என்று கத்தியை எடுத்தார். மல்லிகா இரண்டு கைகளாலும் உச்சந்தலையை மூடிக்கொண்டாள்.

"தாத்தா, இந்த எடத்த மட்டும் விட்டுடுங்க. இது இப்பத்தான் வந்துச்சு."

பெரியவர் சரோஜாவைப் பார்த்தார். சாமி வேண்டாம் என்றுவிட்டதாகப் போன வருடம் அழுதவள் இவள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ சிரித்துவிட்டாள்.

"விட்டுடுங்க பெரியவரே. அது சாமி நமக்குக் குடுத்தது."

போன வருடம் அந்த இடம் தவிர தலையெல்லாம் முடி. இந்த வருடம் அந்த இடத்தில் மட்டும் முடி. தேரடி வீதியில் எல்லாரும் திரும்பிப் பார்க்க, என் மகள் நிமிர்ந்து நடந்தாள். அவள் பக்கத்தில் என் வழுக்கையும் அன்று கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தது.

ஒரு மாதம் என்று யாராவது சொன்னால் இன்றும் என் மனதில் வருவது ஒரு நெல்லின் நீளம்தான். மல்லிகாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். ஊரிலிருந்து அவள் வந்து இறங்கினால், சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்பே என் கை அவள் உச்சந்தலைக்குப் போய்விடும். அவளும் தலையைக் குனிந்து காட்டுவாள்.

"இருக்குது நைனா, போதும்" என்பாள்.