ஏழாவது கிண்ணம்

இந்த நாட்டில் 'போலே' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒருவன் வருஷக்கணக்கில் காலத்தை ஓட்டிவிடலாம். மலாய் மொழியில் அதற்கு முடியும் என்று அர்த்தம். சரி, ஆகட்டும், பரவாயில்லை, எல்லாவற்றுக்கும் அதுவேதான். சாப்பாட்டுக் கடையில் என்னவோ கேட்பார்கள், போலே என்பேன், நான் கேட்காத ஐஸ் தேநீர் வந்து நிற்கும். குடித்துவிடுவேன். வந்த புதிதில் மொழி தெரியாமல் அப்படிச் சொன்னேன். நாலு வருஷம் ஆகிவிட்டது, இப்போது மொழி தெரியும். இப்போது காது கேட்காமல் சொல்கிறேன். எட்டு மாதமாக, என் காதில் விழாத கேள்விகளுக்கெல்லாம் போலே போலே என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. வெளிநாட்டுக்காரன் தலையை ஆட்டினால் அவனுக்குப் புரியவில்லை என்றுதான் நினைப்பார்கள். கேட்கவில்லை என்று யாருக்கும் தோன்றாது.

சுங்கைப்பட்டாணிக்கு வெளியே ஒரு பழைய இரும்புக் கொட்டகையில் எனக்கு வேலை. கழித்துப்போட்ட உலோகத்தை வகைவகையாகப் பிரிப்பது. வீடு இடித்த இடங்களிலிருந்து பழைய தண்ணீர்க் குழாய்கள் மூட்டை மூட்டையாக வரும். எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளிநிறப் பூச்சு. சிலது உள்ளே பித்தளை, சிலது உள்ளே மட்டமான துத்தநாகக் கலவை. பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அரத்தால் கீறிப் பார்க்கலாம், ஆனால் ஒரு மூட்டை முடிவதற்குள் பொழுது போய்விடும். அதனால் தட்டிப் பார்ப்போம். இடது கையில் குழாய், வலது கையில் ஒரு கம்பி, ஒரே தட்டு. பித்தளை 'ணிங்' என்று இழுத்துப் பாடும். கலவை 'தொக்' என்று செத்துப்போகும். கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பேன், அவ்வளவு பழக்கம். எனக்குப் பத்தடி பின்னால் இரும்பை நசுக்கும் எந்திரம் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடும். காதில் வைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுத்தார்கள். அதை வைத்தால் தட்டுகிற சத்தம் கேட்காது, வேலை நடக்காது. எல்லாரும் கழற்றி வைத்தோம். வேலை செய்யக் காது வேண்டும், வேலையே காதைத் தின்கிறது. இதை எந்த முதலாளியிடம் போய்ச் சொல்வது?

முதலில் காதுக்குள் ஒரு ரீங்காரம் வந்தது. தூங்கும்போதும் நிற்கவில்லை. பிறகு பித்தளை 'தொக்' என்றது. ஒரு மூட்டைப் பித்தளை முழுவதையும் கலவைக் குவியலில் போட்டுவிட்டேன். எங்கள் மேற்பார்வையாளரை இங்கே மண்டோர் என்பார்கள். அவரும் தமிழர்தான். "என்னாடா இந்தியா, கண்ணு அவிஞ்சி போச்சா ஒனக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். கண் என்றே அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து மூட்டைக்குப் பின்னால் அரத்தை ஒளித்து வைத்து, திருடனைப் போலக் கீறிப் பார்க்கிறேன். 'இந்தியா' என்றதைக் கவனியுங்கள். இந்தக் கொட்டகையில் எங்களுக்குப் பெயர் கிடையாது, நாட்டின் பெயர்தான் எங்கள் பெயர். சரி, ஊருக்குப் போய்விடலாம் என்றால் அங்கே என்ன? அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊரில் காது கேட்காத ஒருவர் இருந்தார். அவர் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. செவிடர் வீடு, செவிடர் வயல் என்றுதான் சொல்வோம். நானும் அப்படித்தான் சொன்னேன், சிறுவயதில் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தி விளையாடியும் இருக்கிறேன்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் அடிப்பது வேலை அல்ல. ஊரில் எனக்கு ஒரு மகள், பெயர் கயல், மூன்று வயது. கடைசியாகப் போனபோது தவழ்ந்துகொண்டிருந்தாள், பேச்சு வரவில்லை. இப்போது வாய் ஓயாமல் பேசுகிறாளாம். காது போகும்போது மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும் போலிருக்கிறது. என் மனைவி செல்வியின் குரல் வலது காதில் இன்னும் கேட்கிறது. பிள்ளையின் குரல் கேட்கவில்லை. போனில் முகம் தெரிகிறது, வாய் அசைகிறது, பல் தெரிகிறது, அவ்வளவுதான். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. "புள்ள அரமணி நேரமா கத்துது, ஒரு வார்த்த பதில் சொன்னீங்களா? அது என்ன செவுத்துக்கிட்டயா பேசுது?" என்றாள். லைன் சரியில்லை என்றேன். எத்தனை நாளைக்கு லைன் சரியில்லாமல் இருக்கும்?

ஒரு கிளினிக்கில் காட்டினேன். விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே சுத்தமாகத்தான் இருக்கிறது, பெரிய மருத்துவமனைக்குப் போய்க் காது கேட்கும் சோதனை செய் என்றார்கள். போகவில்லை. சோதனை செய்தால் கையில் ஒரு காகிதம் கொடுப்பார்கள். பெர்மிட் புதுப்பிக்கிற நேரத்தில் அந்தக் காகிதம் முதலாளி கைக்குப் போனால் என் கதை முடிந்தது. இப்படித்தான் நானாகவே நினைத்துக்கொண்டேன், யாரிடமும் விசாரிக்கவில்லை. எப்படி விசாரிப்பது? விசாரித்தாலே தெரிந்துவிடுமே.

தெரிந்துகொண்டவர் ஒரே ஒருவர்தான். கொட்டகையின் லாரி ஓட்டும் கோபால் அண்ணன். ஐம்பத்தெட்டு வயது. பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பால் மரம் வெட்டி, தோட்டம் மூடிப் போன பிறகு பாக்கார் ஆராங்கில் குடியிருப்பவர். ஒருநாள் லாரியைப் பின்னால் எடுத்தார். பின்னால் வரும்போது லாரி 'கீக் கீக்' என்று கத்தும் அல்லவா, அது எனக்குக் கேட்கவில்லை. முதுகில் இரும்பு தொட்ட பிறகுதான் திரும்பினேன். அவர் குதித்து இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்தார். "செத்துருப்பலா தம்பி! காதுல என்னா பஞ்சா வச்சிருக்க?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து என் வலது பக்கமாக வந்து உட்கார்ந்தார். "யான்ல ஒரு பக்சிக் இருக்காரு. உருட் போடுவாரு. எனக்கு இடுப்பு புடிச்சப்ப ரெண்டே தடவ, ஓடிப்போச்சி. இப்ப அங்க ஒரு சீனப் பொண்ணு வேற வந்து கிண்ணம் தட்டுதாம், சத்தத்தாலயே ஒடம்பு நல்லாவுதாம். ஒனக்கு சத்தத்தாலதான கெட்டுச்சி? சத்தத்தாலயே எடுத்துருவோம்லா." யான் பக்கத்தில் மலையடிவார ஊர். உருட் என்பது மலாய்க்காரர்கள் எண்ணெய் தேய்த்து உடம்பைப் பிடித்துவிடுவது. பக்சிக் என்றால் நாம் சித்தப்பா என்பது மாதிரி. நான் ஒன்றும் விவரம் இல்லாதவன் இல்லை. கிண்ணத்தைத் தட்டினால் நரம்பு வளராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போனேன்.

விடுமுறை நாளில் அவருடைய பழைய காடியில் கிளம்பினோம், காரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஓட்டுபவர் என் வலது காதுப் பக்கம் என்பதால் அவர் பேசியது ஓரளவு கேட்டது. இரண்டு பக்கமும் வயல், எதிரே ஜெராய் மலை, மேலே மேகம். எங்கள் பக்கம் வயலில் வெடிப்பு விட்டிருக்கும், இங்கே தண்ணீர் நிற்கிறது. அதைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. போய்ச் சேர்ந்த இடம் கால் வைத்துக் கட்டிய பெரிய மரவீடு. பினாங்கிலிருந்து சுற்றுலா வந்த ஒரு கணவன் மனைவியும் இருந்தார்கள். முதலில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் ஒரு மனித உருவம் வரைந்திருந்தது, எங்கே வலிக்கிறதோ அங்கே வட்டம் போட வேண்டும். தலை இருந்தது, கழுத்து இருந்தது, கைகால் எல்லாம் இருந்தது. காது இல்லை. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அண்ணன் பேனாவைப் பிடுங்கி, அந்த உருவத்துக்கு முறம் மாதிரி இரண்டு காது வரைந்து, இரண்டையும் சுற்றி வட்டம் போட்டார். "யான மாதிரி வந்துருச்சி. பரவால்ல, யானுக்குதான வந்துருக்கோம்" என்று அவரே சிரித்துக்கொண்டார். கிண்ணம் தட்டுகிற அந்தச் சீனப் பெண், அவளை மிஸ் லிங் என்றார்கள், தாளைப் பார்த்து விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டு ஓரமாக வைத்தாள்.

பக்சிக்குக்கு எழுபது வயது இருக்கும். விரல் ஒவ்வொன்றும் ஆணி. எண்ணெயைச் சூடாக்கித் தோளில் ஊற்றி, காதுக்குப் பின்னால் எலும்பை ஒட்டிக் கீழே இழுத்தார். குப்புறப் படுத்திருந்தேன். அவர் என்னவோ கேட்டது போலிருந்தது. போலே என்றேன். இன்னும் அழுத்தினார். மறுபடி கேட்டார். போலே. உயிர் போகிற மாதிரி அழுத்தினார். பிறகுதான் அண்ணன் பக்கத்துப் பாயிலிருந்து எட்டி என் தோளைத் தட்டி, வலது காதில் சொன்னார். "அவரு வலிக்கிதா, இன்னும் போடவான்னு கேக்குறாரு. நீ போலே போலேங்கிற. கழுத்து கையோட வந்துரும் பாத்துக்க!" நான் அழுதுகொண்டிருந்தேன். வலியால் என்று பக்சிக் நினைத்து என் முதுகில் தட்டிக்கொடுத்தார். என்னைத் தொட்டு ஒருவர் தட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அதன்பிறகு எல்லாரையும் குளித்து வரச் சொல்லி, வரிசையாக மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி, கண்ணுக்கு மேல் ஒரு சின்ன மூட்டை வைத்தார்கள். தலைமாட்டில் ஏழு கிண்ணம், பெரியதிலிருந்து சிறியதுவரை. ஒரு பெரிய தாம்பாளம் மாதிரி தொங்கிய காங் ஒன்று. மிஸ் லிங் முதலில் அதை அடித்தாள். அது எனக்குக் கேட்டது. நெஞ்சில் கேட்டது. எண்ணெய் தேய்த்து, குளித்து, வெள்ளைத் துணி போர்த்தி, தலைமாட்டில் சேகண்டி. எங்கள் ஊரில் இந்த நிலையில் படுத்திருப்பவன் எழுந்திருக்க மாட்டான். நான் அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் திடும் என்று தரை அதிர்ந்தது. கண்மூட்டையை எடுத்துப் பார்த்தால், கோபால் அண்ணன் எழுந்து நிற்கிறார். துணி காலடியில் கிடக்கிறது, கை இடுப்பில் எதையோ தேடுகிறது. பினாங்குக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அண்ணனுக்கு வெட்கமாகிவிட்டது. என் வலது காதருகே குனிந்து, "பெரட்டு தம்பி. தோட்டத்துல காலையில தண்டவாளத் துண்டுல அடிப்பான், ஓடிப்போயி பேரு குடுக்கணும். இல்லாட்டி அன்னிக்கி வேல இல்ல. முப்பது வருசமாச்சி, கால் தானா எந்திரிக்கிது, கை பால் கத்தியத் தேடுது, ச்சே" என்றார். திரும்பப் படுத்தார். அவருடைய காது தோட்டத்தை இன்னும் மறக்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

நான் கண்மூட்டையைத் திரும்ப வைக்கவில்லை. மிஸ் லிங் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். கைப்பழக்கத்தில் மனசு அவற்றைப் பிரித்துக்கொண்டே வந்தது. முதல் கிண்ணம் வெண்கலம், நல்ல வெண்கலம். இரண்டு, கேட்டது. மூன்று, கேட்டது. நாலாவது எங்கோ பக்கத்து ஊரில் தட்டுவது போல. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் அந்த ரீங்காரம்தான். அவள் ஏழாவதை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளங்கை அளவு கிண்ணம். ஒவ்வொருவர் காதருகிலும் குனிந்து தட்டிக்கொண்டு வந்தாள். பினாங்குக்காரருக்கு முகம் சுருங்கியது, அவர் மனைவிக்குத் தோள் குலுங்கியது, அண்ணன் "ஆத்தாடி" என்று வாயசைத்தார். என்னிடம் வந்தாள். இடது காதருகே கோலைத் தூக்கினாள், தட்டினாள். கிண்ணத்தின் விளிம்பு நடுங்குவது எனக்குத் தெரிகிறது. சத்தம் இல்லை. வலது காதுக்கு வந்தாள். தட்டினாள். இல்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். அண்ணனிடம் மலாயில் ஏதோ சொன்னாள். அவர் எனக்குச் சொல்லவில்லை. நான் விடாமல் கேட்ட பிறகு, என் வலது காதில், "எல்லாரும் ஆடிப்போறாங்களாம். நீ ஒருத்தன்தான் மல மாதிரி படுத்திருக்கியாம். அவ்ளோ அமைதியாம்" என்றார்.

அமைதி. நான் எழுந்து அவள் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கினேன். கோலையும் பிடுங்கினேன். கொட்டகையில் தட்டுகிற மாதிரி இடது கையில் பிடித்து ஒரு தட்டு தட்டினேன். ஒன்றும் இல்லை. ஓங்கித் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன். பினாங்குப் பெண் காதைப் பொத்தினாள். மிஸ் லிங் சுவரோடு ஒட்டி நின்றாள். எல்லார் வாயும் அசைகிறது. எனக்கு மணிக்கட்டில் மட்டும் அதிர்வு வருகிறது, வேறு எங்கிருந்தும் எதுவும் வரவில்லை. பக்சிக்தான் பயப்படாமல் வந்து இரண்டு கையாலும் என் கையைச் சேர்த்துப் பிடித்தார். என் முகத்துக்கு நேராக வாயைக் கொண்டுவந்து ஏதோ கேட்டார். அவர் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. என்ன கேட்டிருப்பார் என்று தெரிந்தது, கேட்க முடிகிறதா என்றுதான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக நான் போலே சொல்லவில்லை. "தாக் போலே" என்றேன். முடியவில்லை. "தாக் போலே, பக்சிக்." சத்தமாகச் சொன்னேனா மெதுவாகச் சொன்னேனா என்றுகூட எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது அண்ணன் வயலோரமாகக் காடியை நிறுத்தினார். "திங்கக்கெழம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். காயிதம் குடுத்தா குடுக்கட்டும். நீ லாரிக்கு அடியில செத்துக் கெடந்தா அதுக்கும் ஒரு காயிதம் குடுப்பான்லா" என்றார். எனக்குப் பயம் போகவில்லை. இதை எழுதும்போதும் போகவில்லை. நாளைதான் திங்கட்கிழமை. காடி வயலோரத்தில் நிற்கும்போதே செல்வி போன் செய்தாள். திரையில் கயலின் முகம், வாய் அசைகிறது. நான் வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டத் தொடங்கினேன். அண்ணன் போனை என் கையிலிருந்து வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு, என் வலது காதில் வாயை வைத்துக் கத்தினார்.

"அப்பா, நீங்க எங்க இருக்கீங்கன்னு கேக்குதுலா!"

நான் பிள்ளைக்குப் பதில் சொன்னேன். யான் என்று ஒரு ஊர், இங்கே மலை இருக்கிறது என்றேன். அவர் மறுபடி கத்தினார். "மலையில யான இருக்கான்னு கேக்குதுலா!" மூன்று வருஷமாகக் காத்திருந்த என் மகளின் பேச்சு அப்படித்தான் எனக்கு வந்தது. பாக்கார் ஆராங்கின் லாரிக்காரர் குரலில், வெற்றிலை வாசனையோடு, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு 'லா' வைத்துக்கொண்டு. அறந்தாங்கியில் அவள் பேசியது அறந்தாங்கியிலேயே நின்றுவிட்டது.