திரைக்குப் பின்னால் வாசித்த வெல்டா

லபக் ஊருக்குத் தெற்கே, பருத்திக் காடுகளுக்கு நடுவில் இருக்கிற அந்த நடனக் கொட்டகையில் சனிக்கிழமை ஆட வருகிறவர்களுக்கு ஸ்டீல் அழ வேண்டும். நாலு கால் வைத்த மேசை மாதிரி நிற்கும் அந்தப் பெடல் ஸ்டீல் கிடார் சுரத்துக்குச் சுரம் வழுக்கி அழாவிட்டால் ஒரு ஜோடியும் எழுந்திருக்காது. போதாததற்கு அது மேடையில் கண்ணுக்கும் தெரிந்தாக வேண்டும். அத்தனை வில்லங்கமும் அதில்தான் தொடங்கியது.

வெல்டா கிரேகரிடம் பெடல் ஸ்டீல் கிடையாது. டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை பார்ப்பவள். இருந்ததெல்லாம் ஒரு சாதாரண எலக்ட்ரிக் கிடார். கடையிலிருந்து, நட்டு கழற்றுகிற நீளமான சாக்கெட் குழல் ஒன்றை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டு கம்பிகள்மேல் வழுக்கினாள். கதவு ஸ்பிரிங்கையும் கேட் கீலையும் வைத்துத் தானே ஒரு நெம்புகோல் செய்து தோள்வாரோடு இணைத்தாள். கிடாரின் கழுத்தைக் கீழே அழுத்தினால் வார் இழுக்கும். இரண்டாவது கம்பி மட்டும் ஒரு முழுச் சுரம் ஏறும், மற்றவை அசையாது. காலடியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு மிதி. அதை மூடிவைத்துக் கம்பியைத் தட்டிவிட்டு மெல்லத் திறந்தால், தட்டிய ஓசை போய் அழுகை மட்டும் வரும். கண்ணை மூடிக் கேட்டால் எந்தக் கொம்பனாலும் வித்தியாசம் சொல்ல முடியாது.

அந்தக் கொட்டகையில் வாசிக்கிற பேண்டின் தலைவன் பர்ல் டேட்டமுக்கு அது போதுமாக இருந்தது. அவனுடைய ஸ்டீல்காரன் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டான். பர்லின் தங்கை மகன் லானியிடம் ஒரு பெடல் ஸ்டீல் இருந்தது, வாசிக்கத்தான் தெரியாது.

"கண்ணு, நீ திரைக்குப் பின்னால நின்னு வாசி. லானி முன்னால உக்காந்து கையை ஆட்டட்டும்."

"நான் ஏன் முன்னால நிக்கக் கூடாது?"

"உன் கதவு ஸ்பிரிங்கைப் பாத்தா ஜனங்க சிரிப்பாங்க. கூட்டம் சேரட்டும், அப்புறம் உன்னைக் கொண்டாந்து நிறுத்துறேன், போதுமா?"

கூட்டம் சேர்ந்தது. கோடை முழுக்க அவள் திரைத் துணியின் தூசியை மூக்கில் இழுத்துக்கொண்டு வாசித்தாள். முன்னால் லானிக்கு ஓசியில் பீர் வந்தது. வெட்கம் கெட்டவன், அந்த அழுகையை எப்படி வரவழைக்கிறான் என்று பெண்களுக்கு விளக்கம் வேறு சொன்னான்.

ஒருநாள் கடைக்கு பெல்ட் வாங்க வந்த பண்ணைக்காரர் ஒருவர் சொன்னார்: "லானியோட கை இருக்கே, அது கடவுள் குடுத்த கை. நீயும் ஏதோ கிடார் தட்டுவியாமே, அவன்கிட்ட கத்துக்கோயேன்."

வெல்டா பெல்ட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அந்தச் சனிக்கிழமை, வழக்கம்போலப் பாதி நிகழ்ச்சியில் பர்ல் ஒவ்வொருவர் பேராகச் சொன்னான். பேர் சொன்னதும் அவரவர் கொஞ்சம் வாசிப்பார்கள். "ஸ்டீல், நம்ம லானி" என்றான். கைதட்டல். லானியின் கை கம்பிமேல் உருகி உருகி ஓடியது. சத்தம் வரவில்லை.

பர்ல் திரைப் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தான். "வாசிடி."

"யார் பேரைச் சொன்னியோ அவனை வாசிக்கச் சொல்லு."

ஒயரை இழுத்துக்கொண்டு அவளே வெளியே வந்து மைக்கைப் பிடித்தாள். "இத்தனை நாளும் நீங்க ஆடினது என் வாசிப்புக்கு. என் பேரு வெல்டா கிரேகர்." பிறகு தோளை இறக்கிக் கழுத்தை அழுத்தி, ஒரு வால்ட்ஸ் நடன மெட்டை முழுசாக வாசித்தாள். ஸ்பிரிங்கைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் ஆடவும் இல்லை.

அன்றே பர்ல் அவளைத் துரத்தினான். வேறு எந்த பேண்டும் கூப்பிடவில்லை. ஊரை ஏமாற்றியவன் பர்ல், கையை ஆட்டியவன் லானி; ஏமாற்றுக்காரி என்ற பட்டம் மட்டும் வெல்டாவுக்கு. அதைக் கடையில் ஒருவன் முகத்துக்கு நேரே சொன்னான்.

"சொல்லு, தாராளமா சொல்லு," என்றாள் அவள். "ஆனா பேரோட சொல்லு. வெல்டா கிரேகர்."